வாக்கு இல்லை, மனு உண்டு

கேள்வி: பாரிஸ் அருகே பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். கையில் இருப்பது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுதான். ஐரோப்பிய ஒன்றியம் எடுக்கும் முடிவுகள் என் வேலையையும் வதிவிட அட்டையையும் தொடுகின்றன. வாக்குரிமை இல்லாத நான் அங்கே எதையாவது சொல்ல முடியுமா?

பதில்: முடியும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பத்து லட்சம் கையெழுத்து திரட்டி, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தைப் பதில் சொல்ல வைக்கும் குடிமக்கள் முன்முயற்சி 2012 முதல் இருக்கிறது. அதில் கையெழுத்திட ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். அதை விட்டுவிடுங்கள்.

ஆணையம் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்பில் யாரும் எழுதலாம். ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் தேவையா என்று 2018இல் கேட்டார்கள். 46 லட்சம் பதில்கள் குவிந்தன, பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து. 84 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் தலையசைத்தது. உறுப்பு நாடுகளின் அரசுகளோ ஒரு முடிவுக்கு வரவில்லை. மார்ச்சிலும் அக்டோபரிலும் நீங்கள் இன்னும் முள்ளைத் திருப்பிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!

உங்களுக்குப் பொருத்தமானது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மனு. ஒன்றிய நாடொன்றில் வசிக்கும் எவரும் தனியாளாகவே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. இரண்டு நிபந்தனைகள்: விஷயம் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வர வேண்டும், உங்களை நேரடியாகப் பாதிக்க வேண்டும். முதலாவதில்தான் பலருடைய மனு விழுந்துவிடுகிறது. "குடியுரிமை தர மறுக்கிறார்கள்" என்று எழுதினால் பயனில்லை, அது பிரான்சின் சொந்த விவகாரம். ஐந்து ஆண்டுகள் சட்டப்படி தொடர்ந்து வசித்தவருக்கான நீண்டகால வதிவிடத் தகுதி அப்படியல்ல. அதற்கு 2003ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதில் குறை என்றால் அது மனுவுக்குரிய விஷயம். நீதிமன்றத் தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த நீதிமன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய மன்றம் என்ற வேறு அமைப்புடையது.

மனு ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். உங்களுக்கு பிரெஞ்சு வசதி. என்ன நடந்தது, எப்போது, எந்தச் சட்டம் மீறப்பட்டது என்பதை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். ஏற்கப்பட்ட மனுக்கள் பொதுவில் வெளியாகும். பெயர் தெரிய வேண்டாம் என்றால் அனுப்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.