எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: நடந்ததை மாற்ற ஒரு வாய்ப்புக் கிடைத்தால், மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த நாளைத்தான் மாற்றுவேன். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: எழுதியது உயிலா, செட்டில்மெண்டா (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்)? பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள் அம்மா. உயில் என்றால் கவலையே வேண்டாம். தெளிந்த மனநிலையில் இருக்கும்வரை, இரண்டு சாட்சிகளை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பதிவுகூடக் கட்டாயமில்லை.

செட்டில்மெண்டில்தான் சிக்கல். மகன் ஏற்றுக்கொண்டபின், நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் எழுதினால் செல்லாது. பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா? இருந்தும் மகன் கவனிக்கவில்லை, உங்களுக்கு 60 வயதும் ஆகிவிட்டது என்றால், 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பத்திர நகல், வயதுச் சான்று இரண்டையும் மறக்காமல் இணையுங்கள். அந்த வரி இல்லையென்றால், மனு எழுதும் முன் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.