நான்கு வயது, ஒன்றரை வயதுக் குழந்தைகளோடு லிஸ்பன் போகலாமா? அத்தனை மேடுகளில் தள்ளுவண்டி ஓடுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் தள்ளுவண்டியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அங்கே ஏற்றத்தைவிடத் தொல்லை தருவது நடைபாதைதான். சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்த பாதை. பல இடங்களில் குறுகலானது, மழை பெய்தால் வழுக்கும். அல்ஃபாமா பகுதியில் போதாக்குறைக்குப் படிக்கட்டுகள் வேறு. சின்னவனை உடலோடு கட்டிச் சுமக்கும் துணித் தொட்டில் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

தங்குவதற்கு பைஷா பகுதியைப் பாருங்கள். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்த்தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டிய சமதளம் அது. அங்கிருந்து சாவ் ஜார்ஜ் கோட்டைக்கு ஏற, ஃபான்கெய்ரோஸ் தெருவில் இலவச மின்தூக்கி இருக்கிறது. பாதி மலை ஏறும் வேலை மிச்சம். கோட்டைக்குள் மயில்கள் உலவும். பீரங்கிகளைவிட அவைதான் குழந்தைகளைக் கவரும்.

புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் பகல் நேரத்தில் நெரிசல் தாங்காது, ஜேப்படித் திருடர்களும் உண்டு. ஆசை இருந்தால் விடியற்காலையில் ஏறுங்கள். நகரின் பெலெம் பகுதிக்குச் செல்லும் 15ஆம் எண் வழித்தடத்தில் தாழ்தள டிராம்கள் ஓடுவதால் தள்ளுவண்டியை எளிதாக ஏற்றலாம்.

ஒரு முழு நாளை ஓசியனாரியோ மீன்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1998 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. நடுத்தொட்டியில் மட்டும் சுமார் 50 லட்சம் லிட்டர் நீர். சுறாக்கள் கண்ணாடியை ஒட்டியே நீந்திப் போகும். வெளியே ஆற்றங்கரை நெடுகச் சமதளம், குழந்தைகள் ஓடட்டும்.