டிஸ்சார்ஜ் புக்ல மெடல் விட்டுப்போச்சா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அய்யா வணக்கம். எங்க அப்பா 1968ல ஆர்மி சிக்னல்ஸ்ல (தகவல் தொடர்பு பிரிவு) சேர்ந்து 15 வருஷ சர்வீஸ் முடிச்சு நாயக் ரேங்க்ல பென்ஷன் வந்தவர். 1971 பாகிஸ்தான் சண்டை சமயத்துல ஜம்மு பக்கம் இருந்ததா சொல்லுவார். ஆனா ஆர்மியை விட்டு வர்றப்போ குடுத்த டிஸ்சார்ஜ் புக்ல 9 வருஷ மெடலும் 25வது சுதந்திர தின மெடலும் மட்டும்தான் எழுதியிருக்கு. அவர்கூட இருந்த பக்கத்து ஊர்க்காரர் புக்ல சங்கிராம் மெடல் இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு இதை சேர்க்க முடியுமா, யார்கிட்ட போகணும்? – காட்பாடி வாசகர்

பதில்: கேக்கலாம் தம்பி, தாராளமா கேக்கலாம். அப்பாவுக்கு பென்ஷன் வர்றதால அவர் பேப்பர், அந்தப் பிரிவு ஆளுங்க சர்வீஸ் பேப்பரை வெச்சிருக்கிற ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கணும். பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க பேப்பரைத்தான் 25 வருஷம் ஆனதும் அழிச்சிடுறது வழக்கம், அந்த கேஸ்னா ரொம்ப சிரமம்.

எந்த மெடலைக் கேக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. 71க்கு மூணு இருக்கு. சங்கிராம் மெடல்ங்கிறது 1971 டிசம்பர் 3ல இருந்து 1972 டிசம்பர் 20 வரைக்கும் ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், அந்தப் பக்கம் மேற்கு வங்கம், அசாம், திரிபுரா மாதிரி ஆபரேஷன் ஏரியாவுல சர்வீஸ் பண்ணவங்களுக்கு. பூர்வி ஸ்டார் கிழக்குலயும் பஸ்சிமி ஸ்டார் மேற்குலயும் சண்டை நடந்த இடத்துல இருந்தவங்களுக்கு. உங்க அப்பா டிசம்பர் மாசமே ஜம்முல இருந்தாரா, இல்ல சண்டை ஓஞ்ச பிறகு போஸ்டிங்ல போனாரான்னு உக்கார வெச்சு கேளுங்க. பின்னாடி போயிருந்தா ஸ்டாருக்கு வாய்ப்பில்ல, சங்கிராமுக்கு இருக்கு. "71ல இருந்தார், எல்லா மெடலும் குடுங்க"ன்னு எழுதுற லெட்டரைத்தான் கிளார்க் ஓரமா வெச்சிடுவான், நான் ரெக்கார்ட்ஸ்ல கிளார்க்கா இருந்தவன், தெரிஞ்சுதான் சொல்றேன்.

எப்படி விட்டுப்போகுதுன்னா, யூனிட்ல முதல்ல பார்ட் டூ ஆர்டர் (ஆளோட சர்வீஸ் விவரத்தைப் பதியிற ஆர்டர்) போடணும், அது ரெக்கார்ட் ஆபீஸ் போய் ஷீட் ரோல்ல (ஆளோட சர்வீஸ் பதிவேடு) ஏறணும், கடைசியில வீட்டுக்கு வர்றப்போ அதைப் பார்த்துதான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவாங்க, நடுவுல ஆளு போஸ்டிங் மாறியிருந்தா இல்ல கோர்ஸ், ஆஸ்பத்திரின்னு போயிருந்தா பழைய யூனிட் புதுசு பார்த்துக்கும்னு விட்டிருக்கும், புது யூனிட் பழசு போட்டிருக்கும்னு விட்டிருக்கும். சிக்னல்ஸ்காரங்க நிலைமை இன்னும் மோசம், அவங்க டிடாச்மெண்டா, அதாவது சின்னக் குழுவா, இன்னொரு யூனிட்டோட போய் ரேடியோ செட்டைத் தூக்கிட்டு கெடப்பாங்க, பேரு ஒரு இடத்துல ஆளு ஒரு இடத்துல.

அதனால மெடல் கேக்குறதுக்கு முன்னாடி ஷீட் ரோல் காப்பி கேளுங்க. எல்லாரும் இதைத்தான் விட்டுடுறாங்க. ஷீட் ரோல்ல சங்கிராம் ஏறியிருந்து புக்ல மட்டும் விட்டுப்போயிருந்தா வேலை ரொம்ப சுலபம், வெறும் எழுத்துப் பிழைதான். ஷீட் ரோல்லயே இல்லன்னா அந்த தேதியில அவர் எந்த யூனிட்ல எங்க இருந்தார்னு நாமதான் காட்டணும்.

சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸ் ஜபல்பூர்ல இருக்கு. (மத்த வாசகர்களுக்காக: மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்னு சொல்ற எம்.இ.ஜி.ன்னா பெங்களூர், பீரங்கிப் படையான ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, எலக்ட்ரிக்கல் மெக்கானிக்கல் பிரிவான ஈ.எம்.ஈ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ.) லெட்டர் இங்கிலீஷ்ல ஒரே பக்கம் போதும், அப்பாதான் கையெழுத்து போடணும், நீங்க இல்ல. ஆர்மி நம்பர், ரேங்க், புக்ல இருக்கிறபடியே பேரு, சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, 71 டிசம்பர்ல இருந்த யூனிட். நம்ம ஊர் பேருக்கு புக்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங் இருக்கும், பரவாயில்ல, நம்பரை வெச்சு கண்டுபிடிச்சிடுவாங்க. ஆனா சுபேதார் மாதிரி ஜே.சி.ஓ. ரேங்குக்கு ஆனவங்களுக்கு ஜே.சி. நம்பர்னு புதுசா வந்திருக்கும், அவங்க பழைய நம்பரையும் சேர்த்து எழுதணும்.

கூடவே டிஸ்சார்ஜ் புக் எல்லா பக்கமும், பி.பி.ஓ. (பென்ஷன் ஆர்டர்), எக்ஸ் சர்வீஸ்மேன் கார்டு, எல்லாம் ஜெராக்ஸ்தான். ஒரிஜினல் புக்கை தபால்ல அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. பக்கத்து ஊர்க்காரர் அதே யூனிட்னா அவர் புக் ஜெராக்ஸையும் அவர் சம்மதத்தோட வைங்க. அம்மா பெட்டியில அந்தக் காலத்து இன்லேண்ட் லெட்டர் ஏதாவது கெடக்குதான்னும் பாருங்க, அனுப்புநர் விலாசத்துல யூனிட் பேரும் 56 ஏ.பி.ஓ.ன்னோ 99 ஏ.பி.ஓ.ன்னோ ஆர்மி தபால் ஆபீஸ் நம்பர் இருக்கும், 99ன்னா கிழக்குப் பக்கம். இது மட்டுமே அத்தாட்சி ஆகாது, ஆனா எங்க தேடணும்னு கிளார்க்குக்கு வழி காட்டும்.

வேலூர்ல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமா ஒரு காப்பி, நேரா ஜபல்பூருக்கு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு காப்பி. பதில் வரலன்னா ஒரு ரிமைண்டர், அதுக்கும் அசையலன்னா அப்பா பேர்லயே 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ., 30 நாள்ல பதில் சொல்லணும். ஆர்.டி.ஐ.யில "ஏன் குடுக்கல"ன்னு கேக்காதீங்க, என் ஷீட் ரோல் காப்பி, என் பார்ட் டூ ஆர்டர் காப்பின்னு பேப்பரைக் கேளுங்க. கடைசி வழி சென்னையில இருக்கிற ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல், ஆனா ஒரு சர்வீஸ் மெடலுக்காக வக்கீல் ஃபீஸ் கட்டுறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இன்னொண்ணு, யாராவது எழுதித் தர்றேன்னு சொன்னா புக்ல ஒரு எழுத்து கூட சேர்க்க விடாதீங்க. ரெக்கார்ட் ஆபீசர் கையெழுத்தும் சீலும் இல்லாத திருத்தம் இருக்கிற மரியாதையையும் கெடுத்துடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எம்.இ.ஜி.யில இருந்து 1988ல யாழ்ப்பாணம் போனவர். இப்போ உயிரோட இல்ல. அந்த மெடலை நான் கேக்கலாமா? அதுக்கு பணம் எதாவது வருமா? – திருப்பத்தூர் வாசகி

பதில்: கேக்கலாம்மா, மனைவிங்கிற முறையில உங்களுக்கு உரிமை இருக்கு. அமைதிப்படையில போனவங்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ரிப்பன்ல மாட்டுற ஸ்ரீலங்கா கிளாஸ்ப் பட்டையோட. எழுத வேண்டியது பெங்களூர் ரெக்கார்ட்ஸுக்கு, இறப்புச் சான்றிதழ் காப்பியும் வைங்க. பணம் வராது, வீரதீர விருதுகளுக்குத்தான் பணம், சர்வீஸ் மெடலுக்கு கிடையாது. அதைவிட முக்கியமா புக்லயும் பி.பி.ஓ.லயும் உங்க பேரும் பிறந்த தேதியும் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, அதுல தப்பு இருந்தா ஃபேமிலி பென்ஷன்லயே சிக்கல் வரும், முதல்ல அதைத் திருத்துங்க, மெடல் பின்னாடி ஆகட்டும்.

கேள்வி: புக்ல மெடல் பேர் இருக்கு, கையில மெடல் வரவே இல்ல. கடையில வாங்கி மாட்டிக்கலாமா? – ஆரணி வாசகர்

பதில்: மாட்டிக்கோங்க, சர்வீஸ்ல இருக்கிறவங்களே வாங்குறாங்க, சர்க்கார் மெடல் வந்து சேர அவ்வளவு லேட் ஆகும். ஆனா சர்க்கார் குடுக்கிறதுல ஓரத்துல உங்க நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும், கடை மெடல்ல அது இருக்காது. புக்ல ஏறியிருக்கிறதால உங்களுக்கு அத்தாட்சி எதுவும் தேவையில்ல, மெடல் இஷ்யூ ஆகலன்னு மட்டும் ரெக்கார்ட்ஸுக்கு எழுதிப் போடுங்க, வீட்டு விலாசம் மாறியிருந்தா புது விலாசத்தைக் குடுங்க.