அலைச்சறுக்கு கற்கப் போகிறவர்கள் கேட்டவை

சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம் பக்கம் முதல் முறையாக அலைச்சறுக்கு கற்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் ஆகஸ்டில்தான் நடந்தது. அப்போ கற்கவும் ஆகஸ்ட்தானே சரி? (திருச்சி)

2025 ஆகஸ்டில் நடந்ததும், இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதும் உண்மைதான். ஆனால் அவருக்கு வேண்டிய அலை வேறு, உங்களுக்கு வேண்டிய அலை வேறு. அந்தச் சமயத்தில் தென்கோளத்தில் குளிர்காலம். அங்கே கிளம்பும் புயல்களின் அலைதான் இந்தியப் பெருங்கடலைக் கடந்து நம் கரைக்கு வருகிறது. தேர்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம். முதல் நாள் பலகையில் ஏறுகிறவருக்கு இடுப்பளவுத் தண்ணீரும், உடைந்து நுரையாக வரும் சிறிய அலையும் போதும். என்னைக் கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். சில நாள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அதற்குத் தயாராக இருங்கள். ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால், இரண்டு பெரிய அலைவரவுகளுக்கு நடுவில் வரும் அமைதியான நாட்களைப் பிடிக்க வேண்டும்.

அலை முன்னறிவிப்புச் செயலியில் 1.2 மீட்டர் என்று காட்டுகிறது. பெரிதா, சிறிதா? (சென்னை)

பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்குமே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. 1.2 மீட்டர், 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய கலங்கல் கடல். அடுத்தடுத்து வந்து மூச்சு வாங்க வைக்கும், வலு குறைவு. அதே 1.2 மீட்டர், 14 விநாடி என்றால் தூரத்துப் புயலின் அலை. 6 விநாடி அலை சுமார் 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் கடல் தரையை உணரும். 14 விநாடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கும். கரையை நெருங்க நெருங்க நன்றாக எழும்பி, கனமாக விழும். புதியவர் அதில் இறங்கக் கூடாது.

இன்னொன்று, செயலி காட்டும் உயரம் பெரும்பாலும் திறந்த கடலில் உள்ள பெரிய அலைகளின் சராசரி. இடையிடையே அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு அலையும் வரலாம். முதல் பயணத்துக்கு 0.6 முதல் 1 மீட்டர், 8 முதல் 11 விநாடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்கே வரச் சொல்கிறார்கள். பத்து மணிக்குப் போனால் என்ன?

காற்றுதான் காரணம். விண்டி என்ற காற்று முன்னறிவிப்புச் செயலியைத் திறந்து ஏதாவது ஒரு கோடை நாளைப் பாருங்கள். காலை 6 மணிக்கு அம்புக்குறி நிலத்திலிருந்து கடலை நோக்கி, மெலிதாக. மதியம் ஒரு மணிக்கு அதே அம்புக்குறி திரும்பிக் கரையை நோக்கி, இரண்டு மூன்று மடங்கு வேகத்தில். நிலம் சூடானதும் கடல்காற்று உள்ளே வந்துவிடுகிறது. அலை என்னவோ அதேதான். ஆனால் காலையில் வழுவழுப்பாக நிமிர்ந்து வந்தது, மதியம் கசங்கிப்போய் வரும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான், அதாவது நிலத்திலிருந்து வரும் மேற்குக் காற்று, பலமாக வீசும் நாட்களில் கடல்காற்று தாமதமாகும், கூடுதலாக ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படகில் கட்டிய கொடி கடலைப் பார்த்துப் பறந்தால் இறங்கலாம்.

ஒரு மாதம் முன்பே ரயில் டிக்கெட் போட வேண்டும். முன்னறிவிப்பை நம்பலாமா? (மதுரை)

டிக்கெட்டைப் பருவம் பார்த்துப் போடுங்கள். எந்தக் காலையில் இறங்குவது என்பதை முன்னறிவிப்பு பார்த்து முடிவு செய்யுங்கள். தென்கடல் புயலின் அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஐந்தாறு நாள் முன்பே அலையை ஓரளவு சொல்லிவிட முடியும். காற்றை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்ப மாட்டேன். பதினைந்தாம் நாளுக்கு ஒரு படம் காட்டுவார்கள், அதைப் பார்த்து யாரும் லீவு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் பயணத்தைவிட மூன்று நான்கு நாள் தங்குவது நல்லது. ஒரு காலையாவது சரியாக அமையும்.

தீபாவளி லீவில் போகலாமா?

வேண்டாம். வடகிழக்குப் பருவம், கரையை நோக்கிக் காற்று, மழை, கூடவே புயல் சின்னம். இலங்கை போக முடிந்தால் நவம்பருக்குப் பிறகு தென்கரையில் வெலிகம நல்ல இடம், மணல் தரை. பொத்துவில் பக்கத்து அறுகம்குடாவுக்கு அதற்குள் பருவம் முடிந்திருக்கும். அது மே முதல் செப்டம்பர் வரை.

ராமேஸ்வரத்தில்? (பரமக்குடி)

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. தெற்கிலிருந்து வரும் அலையை இலங்கை மறைத்துவிடுகிறது. அங்கே காற்றாடி கட்டிச் சறுக்குகிறார்கள், அது வேறு விளையாட்டு.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கிறது, வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. இறங்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. தூரத்துப் புயலின் அலை வந்து கடல் பொங்குவதுதான் கள்ளக்கடல். காற்றும் மேகமும் இல்லாமல் திடீரென்று ஏறுவதால்தான் அது ஆபத்து. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை வெளியிடுகிறது. எந்தச் செயலியைத் திறப்பதற்கும் முன் அதைப் பாருங்கள்.

செயலியில் கோவளம் போட்டுத்தான் பார்த்தேன். ஜூலையில் மேற்குக் காற்று நல்லது என்கிறீர்கள், அதுவோ கரையை நோக்கி வீசுகிறது என்று காட்டுகிறதே? (கோவை)

திருவனந்தபுரத்துக் கோவளத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அங்கே மேற்குக் காற்று கடலிலிருந்து வரும், ஜூலையில் கடலும் கொந்தளிப்பு. கன்னியாகுமரி பக்கம் இன்னொரு கோவளமும் இருக்கிறது. மாமல்லபுரம் என்று தேடிப் பாருங்கள், குழப்பம் வராது.