கணினி கேள்வி–பதில்: அப்கிரேடுக்குப் பிறகு பூட் ஆகவில்லையா?

கேள்வி: எஸ்டேட் ஆபீஸ் சிஸ்டத்தில் பழைய 500 ஜிபி ஹார்டிஸ்கிலிருந்த உபுண்டுவை (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) 240 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் (அப்படியே நகல்) செய்தோம். ஹார்டிஸ்கை ஃபார்மட் செய்து பேக்கப்புக்காக உள்ளேயே விட்டிருக்கிறோம். 22.04-லிருந்து 24.04-க்கு அப்கிரேட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் 'சிம்பல் நாட் ஃபவுண்ட்', 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. பழைய பயாஸ் மெஷின். ஃபைல்கள் போய்விட்டனவா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஃபைல்கள் பத்திரம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி சிபியுவைச் சேலத்துக்குத் தூக்கி வரவும் வேண்டாம்.

பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் பழைய முறை) மெஷினில், உபுண்டுவைத் தொடங்கி வைக்கும் புரோகிராமான கிரப் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று டிஸ்கின் தொடக்கத்தில், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால். மற்றது பூட் ஃபோல்டரில் உள்ள மாட்யூல்கள், அதாவது கிரப்பின் துணை ஃபைல்கள். முதல் துண்டை எந்த டிஸ்கில் எழுதுவது என்பதை உபுண்டு இன்ஸ்டால் செய்த அன்றே குறித்து வைத்துக்கொள்ளும். குளோன் செய்தபோது அந்தக் குறிப்பும் கூடவே வந்துவிட்டது. அப்கிரேடில் மாட்யூல்கள் எஸ்எஸ்டியில் புதிதாயின; தொடக்கத் துண்டோ பழைய ஹார்டிஸ்குக்குப் போனது. எஸ்எஸ்டியின் தலையில் பழைய கிரப், வயிற்றில் புதிய மாட்யூல். ஒட்டுமா? பலரும் சொல்லும் 'இன்ஸ்மாட் நார்மல்' கட்டளையும் இங்கே அதே பிழையைத்தான் காட்டும்.

பூட் மெனுவில் (டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9) பழைய ஹார்டிஸ்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உபுண்டு வந்துவிட்டால் காரணம் உறுதி. டெர்மினலில் 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். டிஸ்க் பட்டியல் வரும்போது ஸ்பேஸ் பாரால் எஸ்எஸ்டியை டிக் செய்யுங்கள். முழு டிஸ்கை, கடைசியில் எண் உள்ள பார்ட்டிஷனை அல்ல. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மாறக்கூடும், அளவை நம்புங்கள். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் 240 ஜிபி எஸ்எஸ்டி 223.6 என்றும், 500 ஜிபி ஹார்டிஸ்க் 465.8 என்றும் தெரியும்.

வரவில்லையா? 24.04 பென்டிரைவில் 'டிரை உபுண்டு' எடுங்கள். பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) என்று போடாததையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாறினால் கிரப் வேறு வகையில் எழுதப் பார்க்கும். எஸ்எஸ்டியின் உபுண்டு பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதன் பூட் ஃபோல்டரை 'பூட்-டைரக்டரி' ஆப்ஷனில் காட்டி, எஸ்எஸ்டிக்கு 'கிரப்-இன்ஸ்டால்' கொடுங்கள். இரண்டு துண்டும் ஒரே வெர்ஷனாகிவிடும். உபுண்டு வந்தபின் மேலே சொன்ன டிக்கையும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் இதே கதைதான்.

கேள்வி: விண்டோஸ் 11 போடுவதற்காக பயாஸில் லெகசியை (பழைய பூட் முறை) யூஇஎஃப்ஐ ஆக்கினேன். 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது. மண்டிக் கணக்கெல்லாம் அதில்தான்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மறுபடி லெகசிக்கே மாற்றுங்கள், விண்டோஸ் 10 திறக்கும். உங்கள் டிஸ்கின் பார்ட்டிஷன் அமைப்பு பழைய எம்பிஆர் வகை. யூஇஎஃப்ஐ-க்குப் புதிய ஜிபிடி வகை வேண்டும். முதலில் கணக்கை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் சஸ்பெண்ட் செய்யுங்கள். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியை, 'அலவ்ஃபுல்ஓஎஸ்' ஆப்ஷன் சேர்த்து, 'வேலிடேட்' என்று ஒரு முறை ஓட்டுங்கள். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் இங்கேயே மறுத்துவிடும். தேறினால் 'கன்வெர்ட்'. அதன் பிறகுதான் யூஇஎஃப்ஐ. இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரை, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்காது; அதைப் பார்த்துவிட்டு இதில் இறங்குங்கள்.