எல்லா லாரிக்காரர்களும் இப்படித்தானா? சாலைக் கோபங்களுக்குக் கேள்வி பதில்

முதலில் லாரி ஓட்டினேன், இப்போது ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது" என்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. அபராதம், காப்பீடு, வழக்கு எல்லாம் என் துறை இல்லை. அவை நாட்டுக்கு நாடு மாறும். வண்டி, கண், கால், கோபம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

இரவுப்பறவை: எதிரே வருகிற வண்டியெல்லாம் ஹை பீமில்தான் வருகிறது. நானும் பதிலுக்கு ஹை பீம் போட்டால்தானே சார் அவர்களுக்கு உறைக்கும்?

உறைக்காது. கண் கூசிய ஓட்டுநர் ஒருவர் இருந்த இடத்தில் இருவர் இருப்பார்கள், அதுவும் நேருக்கு நேர் வந்துகொண்டு. ஒரு தடவை டிம் அடித்துக் காட்டுங்கள். கேட்கவில்லையா, வேகத்தைக் குறைத்து, பார்வையை உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். எதிர் விளக்கையே முறைத்துப் பார்க்காதீர்கள். பார்வை போகிற பக்கம் கையும் போகும்.

அப்புறம் ஒன்று. நீங்கள் திட்டுகிறவர்களில் சிலர் உண்மையில் டிம்மில்தான் வருகிறார்கள். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டிகள் என்றால் காரின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம் விளக்கே எதிராளியின் கண்ணில் விழும். இதற்காகவே நிறைய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கிறது. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு கீழே இறங்கும். பழக வருபவர்களிடம் அதைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் ஏசி என்பார்கள். இன்று இரவு ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அதைத் திருகிப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு படிப்படியாக இறங்குவது தெரியும்.

பழைய வண்டி: விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் திமிர் அதிகம் என்கிறேன். மறுப்பீர்களா?

முழுக்க மறுக்க மாட்டேன். 2012ல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில், நாற்சந்தி ஓரம் நின்று கவனித்தவர்கள், உயர்ரகக் கார்கள் அடுத்தவர் முறையைப் பறித்துக்கொண்டு போவது அதிகம் என்று பதிவு செய்தார்கள். ஆனால் ஒரு சில சந்திப்புகளில் பார்த்ததை வைத்து உலகத்துக்கே ஜாதகம் எழுத முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1968ல் வெளியான டூப், குரோஸ் என்ற இருவரின் சோதனை. அதுவும் கலிஃபோர்னியாவில்தான். பச்சை விளக்கு விழுந்த பிறகும் வேண்டுமென்றே காரை நகர்த்தாமல் நின்றார்கள். ஒரு முறை பளபளப்பான புதுக் கார், ஒரு முறை ஓட்டை உடைசல். 12 வினாடிகளுக்குள் ஓட்டைக் காரின் பின்னால் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் ஹாரன் அடித்தார்கள். புதுக் காருக்குப் பின்னால் 50 சதவீதம்தான். அதாவது திமிர் முன்னால் நிற்பவரிடம் மட்டும் இல்லை. உங்கள் கையெழுத்துப் பெயரைப் பார்த்தால் இந்த 84ஐ நீங்கள் நிறையவே வாங்கியிருப்பீர்கள்.

பெரிய வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரமான இருக்கை, சத்தம் புகாத உள்கூடு. இரண்டும் சேர்ந்தால் போகிற வேகம் உடம்புக்குத் தெரியாது. அவர் விரட்டுவதாக நினைக்கவே இல்லை.

கறார்: பெண்கள் கையில் ஸ்டியரிங் கொடுப்பதைப் பற்றி உங்கள் நேர்மையான கருத்து?

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சாலையில் சாகும் ஆண்கள் பெண்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அடுத்த கேள்வி.

முதுகுவலி: பின்னால் ஒட்டிக்கொண்டே வருபவனுக்கு லேசாக பிரேக் தட்டிக் காட்டினால் என்ன அண்ணே? விளக்கு எரிந்தால் விலகிவிடுவான்.

தட்டாதீர்கள். கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். அவர் 10 மீட்டர் பின்னால் வருகிறார் என்றால் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் அரை வினாடிகூட இல்லை. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுவர மனிதனுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வினாடி ஆகும். ஆக, அவர் கால் பிரேக்கைத் தொடும் முன்பே முட்டிவிடலாம். நீங்கள் காட்டுவது எச்சரிக்கை இல்லை, விபத்துக்கான அழைப்பிதழ்.

செய்ய வேண்டியது தலைகீழ்: உங்கள் முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். அப்போது நீங்கள் எதற்காகவும் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டியிருக்காது, அவரும் இடிக்க மாட்டார். முன்வண்டி கடந்த கம்பத்தை நீங்கள் கடக்க மூன்று வினாடி. மழையில் இன்னும் கூட்டுங்கள். வழி கிடைத்ததும் ஒதுங்கி அனுப்பிவிடுங்கள்.

பொறுமைசாலி: நான் இருக்கும் லேன் மட்டும் எப்போதும் மெதுவாக நகர்கிறதே, ராசியா?

1999ல் கனடா ஆய்வாளர்கள் இருவர் இதற்கு விடை சொன்னார்கள். நீங்கள் வேகமாகப் போகும்போது நெருக்கமாக நிற்கும் வண்டிகளைச் சட்டென்று தாண்டிவிடுகிறீர்கள். நீங்கள் நிற்கும்போது பக்கத்து வண்டிகள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக உங்களைத் தாண்டுகின்றன. நேரக் கணக்கில் பார்த்தால் தாண்டப்படுவதே அதிகம். தாண்டியவை வேறு கண் முன்னாலேயே போகின்றன, நீங்கள் தாண்டியவை முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இரண்டு லேனும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும் இப்படித்தான் தோன்றும்.

வரிசைப்பற்று: இரண்டு தடம் ஒன்றாகச் சுருங்கும் இடத்தில் நான் ரொம்ப முன்பே ஒழுங்காக வரிசையில் சேர்ந்துவிடுவேன். காலித் தடத்தில் சிலர் விர்ரென்று போய் முனையில் மூக்கை நுழைக்கிறார்கள். இவர்களுக்கு வழிவிடக் கூடாது, சரிதானே?

சரி இல்லை. வசவு வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நெரிசலில், இரண்டு தடத்தையும் கடைசி வரை பயன்படுத்தி, முனையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜிப் பல்லைப் போலக் கோத்துப் போவதே நல்லது. ஜெர்மனியில் போக்குவரத்துச் சட்டமே இதைச் சொல்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை, இதனால் வரிசையின் நீளம் 40 சதவீதம் வரை குறையலாம் என்று ஓட்டுநர்களுக்கு எடுத்துச் சொல்கிறது.

வரிசைப்பற்று: அப்போ நுழைகிறவன் புத்திசாலி, நிற்கிற நாங்கள் ஏமாளிகளா?

அந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் எல்லோரும் ஒரு தடத்தைக் காலி செய்துவிட்டு ஒன்றில் போய் நிற்கிறீர்கள். காலித் தடம் இருப்பதால்தான் ஒருவர் பறக்க முடிகிறது. இரண்டும் நிரம்பியிருந்தால் யாரும் யாரையும் முந்த முடியாது.

முனைவரை: நான் கடைசி வரை போகிற ஆள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்!

அவசரப்படாதீர்கள் தம்பி. முனையில் ஒன்றுக்கு ஒன்று என்று காத்திருக்கிறீர்களா, முன்வண்டியின் வாலைப் பிடித்து இரண்டாவதாகவும் நுழைகிறீர்களா? அதோடு, நான் சொன்னது ஊரும் நெரிசலுக்கு. சாலை வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், நல்ல இடைவெளி கிடைத்த இடத்தில் முன்பே சேருங்கள். பிரியும் சாலைக்கான தடத்தில் கடைசி நொடியில் கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

நடுக்கோடு: நான் இரண்டு தடத்துக்கும் நடுவில் வண்டியை ஓட்டுவேன். ஒருவனும் தாண்ட முடியாது. பிரச்சினை முடிந்தது.

உங்களுக்கு யார் சீருடை கொடுத்தார்கள்? பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க ரோட்டுக்கு வராதீர்கள்.

வரிசைப்பற்று: அந்தக் குறுகிய வாயில் நிமிடத்துக்கு இத்தனை வண்டி என்றுதான் போகும். கோத்தாலும் கோக்காவிட்டாலும் அதே எண்ணிக்கை. பிறகென்ன லாபம்?

இதுதான் இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. வாயில் போகும் எண்ணிக்கை பெரிதாக மாறாது, ஒத்துக்கொள்கிறேன். மாறுவது வரிசையின் நீளம். ஒரே தடத்தில் நீளும் வரிசை பின்னால் இருக்கும் சந்திப்பை அடைத்துவிடும். அந்தப் பக்கம் போகவே வேண்டியில்லாதவரும் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, ஒரு தடம் நிற்க, பக்கத்துத் தடம் பறக்க என்று இருப்பதே ஆபத்து. நிற்பவர் பொறுமை இழந்து திடீரென்று வெளியே வருவார். இரண்டும் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் அந்த மோதல் இல்லை.

(இதற்குப் பிறகும் இந்த மூவரும் தங்களுக்குள் நிறைய எழுதிக்கொண்டார்கள். நான் அதில் இல்லை.)

சாலைச் சிறுவன்: விபத்தும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. ஆனாலும் நெரிசல். யார் காரணம்?

யாரோ ஒருவர் கொஞ்சம் அழுத்திப் பிடித்த பிரேக். 2008ல் வெளியான ஜப்பானியச் சோதனை ஒன்றில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். தடையே இல்லை. சிறிது நேரத்தில் சில கார்கள் நின்றேவிட்டன. அந்த நெரிசல் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒட்டி ஓட்டினால் முன்னவரின் சின்ன பிரேக் பின்னவருக்குப் பெரிய பிரேக்காகிறது, அவருக்குப் பின்னவருக்கு இன்னும் பெரிது. இடைவெளி விட்டால் அந்த அதிர்ச்சியை நீங்களே விழுங்கிவிடலாம். மூன்று வினாடி.

சிற்றுந்து: லாரிக்காரர்கள் வளைவில் மொத்த ரோட்டையும் அடைக்கிறார்கள். வேண்டுமென்றே செய்வதுதானே?

என் பழைய தொழில், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நேராகத் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும், அங்கே நிற்பவர்மேலும் ஏறும். அதனால் ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கம் விலகி, அகலமாக எடுத்துத் திருப்புவார். அவர் அப்படி விலகியதும் உள்பக்கத்தில் ஒரு அழகான இடம் திறக்கும். "ஆஹா, வழி விட்டுவிட்டார்" என்று இருசக்கர வண்டியும் சின்னக் காரும் அதில் நுழையும். அந்த இடம்தான் சில வினாடிகளில் மூடப்போகிறது. ஓட்டுநரின் கேபினிலிருந்து பார்த்தால் அங்கே யாரும் இல்லை; கதவுக்குக் கீழே நிற்கும் ஆள் கண்ணாடியில்கூடத் தெரிய மாட்டார். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இண்டிகேட்டர் எரியும் லாரியின் உள்பக்கம் நுழையாதீர்கள், எவ்வளவு இடம் இருந்தாலும்.

முந்தும் தடத்தில் நகராமல் மணிக்கணக்காகப் போகும் லாரி வேறு விஷயம். அது கெட்ட பழக்கம்தான், முட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோபால்பல்: பின்னால் ஒட்டுபவனுக்கு பிரேக்...

மேலே முதுகுவலிக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான்கு சக்கரம்: பைக்காரர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள்? திரும்பும்போது திடீரென்று முன்னால் நிற்கிறார்கள்.

முளைக்கவில்லை, அங்கேயேதான் இருந்தார். முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் இருக்கும் தூண் ஒரு பைக்கை முழுதாக மறைக்கும். இரண்டு வண்டியும் ஒரே சந்திப்பை நோக்கி ஒரே சீராக வந்தால் மறைந்தது மறைந்தபடியே வரும். திரும்பும் முன் உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துத் தூணைத் தாண்டிப் பாருங்கள். இன்னொரு சிக்கல், சின்னப் பொருள் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் நம்பும். பைக்கைப் பார்த்துவிட்டே "நேரம் இருக்கிறது" என்று திரும்புகிறவர்கள் அதனால்தான்.

மழைக்காலம்: மழையில் நாலு இண்டிகேட்டரும் போட்டு ஓட்டுவது பாதுகாப்புதானே?

நின்றால் போடுங்கள். ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஹெட்லைட்டைப் போடுங்கள், பின்விளக்கும் சேர்ந்து எரியும்.

வினயம்: எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் "நீ போ" என்றா "நான் வருகிறேன்" என்றா?

சில ஊரில் அது, சில ஊரில் இது. பிரிட்டனின் சாலை விதி நூல், "நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு எதற்கும் சிமிட்டாதே என்கிறது. சிமிட்டலை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அவர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

சட்டப்புள்ளி: பக்கத்துக் காரன் உரசினான், எவ்வளவு நஷ்டஈடு...

வழக்கறிஞரிடம் போங்கள்.

இன்னொருவர்: லேசாக பிரேக் தட்டினால்கூடவா?

லேசாகக்கூட.

புதுக்கை: உரிமம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் வருபவர்கள் தெரியாமல் அடி வாங்கிவிடுவேனோ என்று பயம். திட்டாமல் சொல்லுங்கள்.

உங்களைத் திட்ட என்ன இருக்கிறது? பக்கக் கண்ணாடிகளை மாற்றி வையுங்கள். பெரும்பாலோர் சொந்தக் காரின் பாதி உடம்பைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். அது எங்கேயும் ஓடிவிடாது. தலையைப் பக்கவாட்டு ஜன்னல்மேல் சாய்த்துக்கொண்டு, அந்தப் பக்கக் கண்ணாடியில் காரின் விளிம்பு மட்டும் தெரியும்வரை வெளியே தள்ளுங்கள். மறுபக்கத்துக்கு, தலையை காரின் நடுவுக்குக் கொண்டுவந்து அதையே செய்யுங்கள். நேராக உட்கார்ந்தால் உங்கள் கார் தெரியாது, பக்கத்துத் தடம் தெரியும். நடுக்கண்ணாடியில் ஒரு வண்டி விலகி மறையும்போது அது பக்கக் கண்ணாடியில் எட்டிப்பார்க்க வேண்டும், அங்கிருந்து மறையும்போது உங்கள் கண்ணுக்கே நேராகத் தெரிய வேண்டும். முதல் சில நாள் விநோதமாக இருக்கும். தடம் மாறும் முன் தோளுக்கு மேலாக ஒரு பார்வை மட்டும் விடாதீர்கள்.