ரிடக்ஸா, ஜுஸ்டாண்டா, மொப்எக்ஸா? முதலில் ஸ்டேட்டைப் பிரியுங்கள்

கேள்வி: ரியாக்டில் (இணையப் பக்கத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதிய சரக்கு இருப்பு மென்பொருளை 4 பேர் பராமரிக்கிறோம். ஏறக்குறைய 30 திரைகள். பொருள் பட்டியல், பயனர் விவரம், தேடல் வார்த்தை என எல்லா ஸ்டேட்டும் (செயலி நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய தரவு) ஒரே கான்டெக்ஸ்டில் (தரவைப் பல திரைத் துண்டுகளுக்குப் பகிரும் ரியாக்ட் வசதி) கிடக்கின்றன. தேடல் பெட்டியில் ஓர் எழுத்து தட்டினாலே பக்கம் முழுக்கத் திணறுகிறது. ரிடக்ஸ் டூல்கிட், ஜுஸ்டாண்ட், மொப்எக்ஸ் என்ற ஸ்டேட் லைப்ரரிகள் மூன்றில் எதற்கு மாறலாம்?

பதில்: கான்டெக்ஸ்டில் உள்ள மதிப்பு மாறினால், அதைப் படிக்கும் காம்போனென்ட் (திரையின் ஒரு துண்டு) எல்லாமே மறுபடி ரென்டர் ஆகும், அதாவது புதிதாகக் கணக்கிடப்படும். தனக்கு வேண்டிய பகுதி மட்டும் மாறியதா என்று பார்க்க அதில் வழியில்லை. திணறல் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இப்போதே லைப்ரரியை மாற்றினால், அதே குவியலை வேறு பெட்டிக்கு மாற்றியதாகத்தான் முடியும்.

உங்கள் பொருள் பட்டியல் சர்வருக்குச் சொந்தமானது. உலாவியில் இருப்பது அதன் நகல். நகலுக்கு வேண்டியது ஸ்டோர் (செயலியின் பொது ஸ்டேட் கிடங்கு) அல்ல, கேஷ் (தற்காலிக நகல் சேமிப்பு). சர்வர் தரவைக் கொண்டுவந்து கேஷ் செய்யும் லைப்ரரியான டான்ஸ்டாக் குவெரியிடம் அதை ஒப்படையுங்கள். அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். 'ஸ்டேல்டைம்' (நகலைப் புதியதாகவே கருதும் நேரம்) இயல்பாகவே 0. அதனால் பயனர் வேறு டேபுக்குப் போய்த் திரும்பினாலே மறுபடி சர்வரைக் கேட்கும். அடிக்கடி மாறாத பட்டியலுக்கு 5 நிமிடம் வையுங்கள். பக்க எண், வடிகட்டி என்று கோரிக்கையை மாற்றக்கூடிய எல்லாமே 'குவெரி கீ'யில் (கேஷில் ஒவ்வொரு நகலையும் அடையாளம் காட்டும் சாவி) இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் 2-ஆம் பக்கத்தில் முதல் பக்கத்துச் சரக்கே தெரியும். சேமித்து முடிந்ததும் அந்தக் கீயை 'இன்வேலிடேட்' (பழையதாகிவிட்டது என்று குறிப்பது) செய்யாவிட்டால் பழைய இருப்பே திரையில் நிற்கும்.

வடிகட்டியும் பக்க எண்ணும் முகவரியிலேயே, அதாவது யூஆர்எல்லிலேயே இருக்கட்டும். தட்டிக்கொண்டிருக்கும் எழுத்து அந்தப் பெட்டிக்குள், ரியாக்டின் உள்ளூர் ஸ்டேட்டான 'யூஸ்ஸ்டேட்'டில் இருந்தால் போதும். தட்டுவது நின்று 300 மில்லிநொடி ஆனதும் யூஆர்எல்லுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் பொதுவாக மிஞ்சுவது உள்நுழைந்தவர் விவரம், தேர்ந்த கிடங்கு, பக்கப்பட்டை திறந்திருக்கிறதா என்பன போன்ற சில மதிப்புகள்தான். அதற்கு ஜுஸ்டாண்ட் போதும். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கே 'நிலை' என்றுதான் பொருள். செயலியைச் சுற்றிப் பொதியும் புரோவைடர் தேவையில்லை, அளவும் மிகச் சிறியது. ஆனால் செலக்டர் (வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) இல்லாமல் ஸ்டோரை அழைத்தால் முழு ஸ்டோரையும் கவனிக்கத் தொடங்கிவிடும். கான்டெக்ஸ்டின் பழைய நோய் அப்படியே திரும்பும். 5-ஆம் பதிப்பில் இன்னொரு பொறி உண்டு. செலக்டருக்குள் 'ஃபில்டர்' எழுதினால் ஒவ்வொரு முறையும் புது அரே பிறக்கும். ரியாக்ட் அதை மாற்றம் என்று எண்ணி முடிவில்லாமல் ரென்டர் செய்து, 'மேக்ஸிமம் அப்டேட் டெப்த்' பிழையோடு நிற்கும். உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் 'யூஸ்ஷாலோ'வில் பொதிந்தால் சரியாகும். 'மேப்' போட்டுப் புது ஆப்ஜெக்ட்களே உருவாக்கினால் யூஸ்ஷாலோவும் கைகொடுக்காது. மூலப் பட்டியலை எடுத்து, உள்ளீடு மாறினால் மட்டும் மறுபடி கணக்கிடும் 'யூஸ்மெமோ'வில் கணக்கிடுங்கள்.

ரிடக்ஸ் 2015-இல் வந்தது. அதன் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும், நிறைய நிரல் எழுதும் சுமையை 2019-இல் 1.0 கண்ட டூல்கிட் பெருமளவு குறைத்துவிட்டது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒவ்வொரு ஆக்ஷனாக (ஸ்டேட்டை மாற்றச் சொல்லும் கட்டளை) தேவ்டூல்ஸ் என்ற ஆய்வுக் கருவியில் பின்தொடர வேண்டிய பணி, ஒரே ஸ்டோரில் பலர் கைவைக்கும் குழு என்றால் இதுவே சரி. ஸ்டோரின் ஒரு பகுதியை வரையறுக்கும் 'கிரியேட்ஸ்லைஸ்' உள்ளே இம்மர் (திருத்தங்களைப் புது நகலாக மாற்றும் லைப்ரரி) இயங்குவதால் ஸ்டேட்டை நேரடியாகத் திருத்தலாம். ஆனால் 'ஸ்டேட்' என்ற மாறிக்கே புது மதிப்பு கொடுத்தால் எதுவும் மாறாது, பிழையும் வராது. புதியவர்கள் மணிக்கணக்கில் தேடுவது இந்த இடத்தில்தான். ஸ்டோரில் டேட் ஆப்ஜெக்ட் வைத்தால் உருவாக்கச் சூழலில் எச்சரிக்கை வரும். தேதியைச் சரமாக வையுங்கள்.

மொப்எக்ஸ், ஒரு மதிப்பிலிருந்து பத்து மதிப்புகள் கணக்கிடப்படும் இடத்துக்கு அருமையானது: விரிதாள், வரைபட எடிட்டர் போன்றவை. காம்போனென்டை 'அப்சர்வர்'-இல் பொதிய மறந்தால் திரை புதுப்பிக்கப்படாது. 'அவெய்ட்' (பதிலுக்குக் காத்திருக்கும் இடம்) தாண்டி வரும் மாற்றத்தை 'ரன்இன்ஆக்ஷன்' உள்ளே எழுத வேண்டும். இருப்புக் கணக்குத் திரைகளுக்கு இந்த ஒழுங்கைக் குழு முழுவதும் காப்பது வீண் சுமை.

ஆக உங்களுக்கு டான்ஸ்டாக் குவெரியும் ஜுஸ்டாண்டும். 30 திரையையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். தேடல் பெட்டியை முதலில் பிரியுங்கள். அடுத்துப் பொருள் பட்டியல். பயனர் விவரம் கடைசியில். கான்டெக்ஸ்ட் அதுவரை கூடவே ஓடட்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் ரியாக்ட் தேவ்டூல்ஸின் புரொஃபைலரில், ஒவ்வொரு காம்போனென்டும் ஏன் ரென்டர் ஆனது என்று பதியும் அமைப்பை இயக்கி, ஓர் எழுத்து தட்டிப் பாருங்கள். அந்த 300 மில்லிநொடி முடியும் முன்பே தேடல் பெட்டியைத் தவிர வேறெதுவும் ரென்டர் ஆனால் அந்தப் படி இன்னும் முடியவில்லை.